பம்பை மாற்றினார்கள், டீசலை அல்ல

பழுதைப் பற்றி எழுத வருகிறவர் பழுது உண்டா இல்லையா என்பதையாவது முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்க டீசல் பிக்அப் டிரக்குகளுக்கு வக்காலத்து வாங்கியிருக்கும் கட்டுரையாளருக்கு அந்த முடிவுகூட இல்லை. உரிமையாளர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள், குறை சொல்வது வாய் நீண்ட சிலர்தான் என்று தொடங்குகிறார். சற்று தள்ளி, பழுதுகளுக்கெல்லாம் காரணம் மட்டமான எரிபொருளும் வண்டியைப் பேணத் தெரியாத உரிமையாளர்களும் என்கிறார். கடைசியில், நல்ல எஞ்சின்களை அரசின் புகைச் சட்டங்கள் பாழாக்கிவிட்டன என்று முடிக்கிறார். பழுதே இல்லையென்றால் உரிமையாளர் எதற்குக் காரணம்? உரிமையாளர்தான் காரணம் என்றால் சட்டத்தை ஏசுவது எதற்கு? மூன்று வாதங்களும் ஒன்றின் கழுத்தை ஒன்று நெரித்துக்கொண்டு கிடக்கின்றன. ஆனால் மூன்றின் முடிவிலும் ஒருவர் மட்டும் சட்டை கசங்காமல் வெளியே நடந்து வருகிறார்: வண்டியை வடிவமைத்து விற்றவர்.

எதிராளியின் தரப்பை அவரே சொல்லியதைவிடத் தெளிவாக எடுத்துவைத்துவிட்டு மறுப்பது, பரபக்கம் பேசிய நம் தர்க்க மரபின் ஒழுக்கம். அந்த மரியாதையை நான் அவருக்குத் தருகிறேன். அவர் வாசகருக்கு அதைத் தரவில்லை.

திருப்திக் கணக்கெடுப்புகளிலிருந்து தொடங்கலாம். ஜெ.டி. பவர் நிறுவனத்தின் தொடக்கத் தர ஆய்வு, வண்டி வாங்கிய முதல் 90 நாள்களில் நேர்ந்த குறைகளைக் கேட்கிறது. அதே நிறுவனத்தின் இன்னோர் ஆய்வு, புது வண்டியின் மீது உரிமையாளருக்கு எவ்வளவு பிரியம், எவ்வளவு உற்சாகம் என்று அளக்கிறது. நீடித்துழைப்பதைப் பற்றிய ஆய்வோ மூன்று வயதான வண்டிகளை எடுத்துக்கொள்கிறது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம் மூவரும் டீசல் எஞ்சினுக்குத் தந்துவந்த வாரண்டி 5 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல். ஆக, எல்லாக் கேள்விகளும் பழுதின் செலவு உரிமையாளரின் தலையில் விழாத காலத்துக்குள்ளேயே கேட்டு முடிக்கப்படுகின்றன. பெட்ரோல் எஞ்சினைவிட ஏறத்தாழ 10,000 டாலர் கூடுதலாகக் கொடுத்து ஒருவர் டீசலை வாங்குவது முதல் 90 நாளின் கிளுகிளுப்புக்காகவா? மாட்டு டிரெய்லரையும் குதிரை டிரெய்லரையும் இழுத்து 2 லட்சம், 3 லட்சம் மைல் ஓட்டலாம் என்ற நம்பிக்கைக்காக அல்லவா? அந்த நம்பிக்கை பொய்த்ததா என்று கேட்க வேண்டிய இடத்தில் எந்தக் கணக்கெடுப்பும் இல்லை. கட்டுரையாளருக்கு அந்த இல்லாமையே சான்றாகிவிடுகிறது. கேட்கப்படாத கேள்விக்குக் கிடைக்காத பதிலைத் திருப்தி என்று கொள்வதற்கு நம் அளவை நூல்காரர்கள் ஏதுப்போலி என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

விற்பனை எண்ணிக்கையே திருப்திக்குச் சாட்சி என்கிறாரே, ஆஸ்திரேலியாவைப் பார்க்கட்டும். 2016 முதல் 2022 வரை அந்த நாட்டில் ஆண்டுதோறும் அதிகம் விற்ற வாகனம் டொயோட்டா ஹைலக்ஸ். அதே ஹைலக்ஸும் அதன் எஞ்சினைப் பகிர்ந்துகொண்ட ஃபார்ச்சூனரும் பிராடோவுமாக 2 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள், புகைக்கரி வடிகட்டி அமைப்பில் குறையோடு விற்கப்பட்டன என்று 2022 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுத் தொகை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது, 2024-இல் உயர் நீதிமன்றம்வரை போய் மறு கணக்கீட்டுக்குத் திரும்பியது. இழப்பு எவ்வளவு என்பது பற்றிய சண்டை அது. வண்டியில் குறை இருந்தது என்ற முடிவு அப்படியே நின்றது. அமோகமாக விற்பதும் குறையோடு இருப்பதும் ஒரே வண்டிக்கு ஒரே நேரத்தில் சாத்தியம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தத் தீர்ப்பில் கட்டுரையாளருக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டால், நகரத்துக்குள் நத்தை வேகத்தில் ஓட்டியதால்தான், நெடுஞ்சாலையில் கொஞ்சம் விரட்டியிருந்தால் தானாக எரிந்து சுத்தமாகியிருக்கும் என்பது உரிமையாளரைக் குற்றவாளியாக்க எல்லா நாட்டு டீலர்களும் ஒப்பிக்கும் மந்திரம். ஆஸ்திரேலிய நீதிமன்றம் கண்டதோ நேர் எதிர்: மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் தொடர்ந்து, சீராக ஓட்டும்போதுதான் அந்த அமைப்பு செயலிழந்தது. சொன்னபடி ஓட்டியவர்தான் மாட்டிக்கொண்டார். இப்போது யாருடைய ஓட்டும் பழக்கத்தைக் குறை சொல்லப் போகிறார்?

இனி அவருடைய பிரதான ஆயுதமான எரிபொருளுக்கு வருவோம். போஷ் நிறுவனத்தின் சிபி4 உயர் அழுத்த பம்ப் ஐரோப்பாவில் ஒழுங்காக ஓடுகிறது, அமெரிக்க டீசலில் வழவழப்புப் போதவில்லை, போதாக்குறைக்கு உரிமையாளர்கள் கண்ட பங்கில் தண்ணீர் கலந்த டீசலை நிரப்புகிறார்கள், பம்ப் என்ன செய்யும் என்கிறார். பம்ப் என்ன செய்யும் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை, சொல்கிறேன். அதன் உயர் அழுத்தப் பகுதிக்கென்று தனி ஆயில் கிடையாது. தான் தள்ளுகிற டீசலே அதற்கு மசகு. 2,000 பார் அழுத்தத்தை இரண்டே பிஸ்டன்களை வைத்து உண்டாக்குகிறது. சுழலும் கேம் மீது ஓர் உருளை ஓடுகிறது. அந்த உருளையைச் சுமக்கும் டாப்பெட் தன் குழிக்குள் திரும்பிவிடாதபடி பிடித்து நிறுத்த உறுதியான ஏற்பாடு எதுவும் இல்லை. அது திரும்பிவிட்டால் உருளை உருளாது, குறுக்கே நின்று கேமை அரைக்கும். அரைபட்ட உலோகத் துகள் டீசலோடு கலந்து ரெயில், இன்ஜெக்டர், திரும்பும் குழாய் வழியாக டேங்க் வரை போய்ச் சேரும். பம்ப் ஒன்று செத்தால் எரிபொருள் அமைப்பு முழுவதையும் கழற்றிப் போட வேண்டும். பில் 10,000 டாலரைத் தொட்டுவிடும்.

வழவழப்பைச் சோதிக்க, டீசலுக்குள் ஓர் எஃகுக் குண்டைத் தேய்த்து அதில் விழும் தழும்பை அளக்கிறார்கள். ஐரோப்பியத் தரம் 460 மைக்ரானோடு நிறுத்துகிறது, அமெரிக்கத் தரம் 520 வரை விடுகிறது. இது கட்டுரையாளர் தோண்டியெடுத்த ரகசியம் அல்ல, 2005 முதல் அமெரிக்கத் தர ஆவணத்தில் அச்சாகி இருக்கும் எண். கந்தகத்தை 15 பிபிஎம்முக்கு இறக்கிய டீசல் 2006-இல் பங்குகளுக்கு வந்துவிட்டது. இதே குடும்பத்துப் பம்ப் பொருத்திய ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் குறித்து அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் 2010-இலேயே விசாரணை தொடங்கிவிட்டார்கள். சிபி4 பொருத்திய ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் பிக்அப்கள் வந்ததோ 2011 மாடலில். ஒரு நாட்டின் டீசல் எப்படிப்பட்டது என்பது ஊரறிய அச்சில் இருக்கும்போது, அதற்குத் தாங்காத பம்பை அந்த நாட்டில் கொண்டுவந்து விற்றவர் யார்? டெக்சஸில் மாடு வளர்ப்பவரா?

அதன்பின் நடந்ததுதான் இந்த வாதத்தைக் குழிதோண்டிப் புதைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 மாடலில் சிபி4-ஐக் கைவிட்டு டென்சோ பம்புக்கு மாறியது. 2016 வரையிலான அதன் டியூராமேக்ஸ் எஞ்சினில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிக்கொடுக்க மின் பம்ப்கூட இல்லை, புது எஞ்சினில் அதையும் சேர்த்தது. இத்தனையும் நடந்தபிறகு ராம் தன் 2019 மாடல் கம்மின்ஸ் எஞ்சினில் அதே சிபி4-ஐப் பொருத்தியது. இரண்டே மாடல் ஆண்டுகளில் புத்தி வந்து, 2021 மாடலில் மூன்று பிஸ்டன் கொண்ட பழைய சிபி3-க்கே திரும்பியது. விற்ற வண்டிகள் 2 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. அழைத்து என்ன செய்தார்கள்? நல்ல பங்கில் டீசல் போடுங்கள் என்று உரிமையாளருக்குப் பாடம் எடுத்தார்களா? பம்பைக் கழற்றிவிட்டு சிபி3-ஐப் பொருத்தினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆட்டக்காரியை மாற்றியதும் அதே கூடத்தில் ஆட்டம் நடந்ததே, இப்போது கோணல் எங்கே இருந்தது?

ஃபோர்டு சிபி4-ஐ விடவில்லை. அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களில் பலர், பம்ப் நொறுங்கினால் துகள்கள் இன்ஜெக்டருக்குப் போகாமல் திருப்பிவிடும் ‘பேரிடர் தடுப்பு கிட்’ ஒன்றை வெளிச்சந்தையில் சொந்தக் காசில் வாங்கி மாட்டுகிறார்கள். இவர்களைத்தான் பராமரிக்கத் தெரியாதவர்கள் என்கிறார். வடிவமைப்பாளர் செய்யாததைத் தன் பணத்தில் செய்துகொள்ளும் மனிதரைப் பார்த்து அலட்சியக்காரர் என்று எழுத ஒரு கை துணிகிறது என்றால், அந்தக் கை எந்தத் தட்டில் சாப்பிடுகிறது என்று வாசகர் யோசிக்கட்டும்.

மூன்றாவது வாதம் சட்டம். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அதை அவர் இவ்வளவு தாராளமாகத் திரித்திருக்கிறார். புகைச் சட்டத்துக்காக வந்த நைட்ரஜன் ஆக்சைடு சென்சார், யூரியா திரவத்தின் ஹீட்டர், வெளியேறும் புகையை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் அமைப்பின் கரி படியும் கூலர் எல்லாம் உரிமையாளர்களின் உயிரை வாங்குகின்றன. வயல் நடுவே ஒரு சென்சார் கெட்டதற்காக வண்டியின் வேகத்தை மணிக்கு 5 மைலுக்கு இறக்கிவிடும் மென்பொருள் கொடுமையானது. அதைத் தளர்த்தும்படி அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே 2025 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. இதெல்லாம் சரி. ஆனால் சிபி4-ஐக் கட்டாயமாக்கிய சட்டம் எது? சிபி3 மாட்டிய 2021 ராம் அதே புகை வரம்புக்குள்தானே ஓடுகிறது? 2019-இல் கம்மின்ஸ் எஞ்சினின் பழைய டாப்பெட்டுகளை எடுத்துவிட்டு, சத்தம் குறையவும் வால்வு இடைவெளி சரிசெய்யும் வேலை மிச்சமாகவும் ஹைட்ராலிக் லிஃப்டர்களைப் போட்டார்களே, அவை தேய்ந்து கேமைத் தின்பதற்கு எந்தச் சட்டப் பிரிவு பொறுப்பு? காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரின் திருகு கழன்று சிலிண்டருக்குள் விழுந்து எஞ்சினையே பலிவாங்குவதை எந்த அதிகாரி கேட்டார்?

ஃபோர்டின் 6.0 லிட்டர் எஞ்சினைச் சட்டத்தின் பலியாக அவர் காட்டுவது இன்னும் மோசம். 2003 முதல் 2007 வரை நாவிஸ்டார் செய்துகொடுத்த அந்த எஞ்சினில், எஞ்சினின் நடுப் பள்ளத்தில் புதைந்து கிடந்த ஆயில் கூலர் கூலன்ட் கசடால் அடைத்துக்கொள்ளும். ஈஜிஆர் கூலருக்குக் கூலன்ட் அதன் வழியாகத்தான் வர வேண்டும். வராததால் அது காய்ந்து வெடிக்கும், அழுத்தம் ஏறி ஹெட் கேஸ்கெட் போகும். ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி நான்கே போல்ட்டுகள் பிடித்திருக்கும் ஹெட் அது. ஈஜிஆரைச் சட்டம் கொண்டுவந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதன் உயிர்நாடியை அடைபடும் கூலருக்குப் பின்னால் வைக்கச் சொன்னது யார்? பழுது உரிமையாளருடையது, அல்லது அரசுடையது என்றால், வாரண்டிச் செலவை யார் சுமப்பது என்று 2007-இல் ஃபோர்டு நாவிஸ்டார் மீது வழக்குப் போட்டது ஏன்?

சட்டத்தின் கடுமை நல்ல பொறியாளர்களை மூச்சுத் திணறவைத்தது என்று உருகுகிறவர், அந்தச் சட்டத்தை நிறுவனங்கள் எப்படி நடத்தின என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்அப்களின் 6 லட்சத்து 30 ஆயிரம் எஞ்சின்களில் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்ற குற்றச்சாட்டுக்காக, தவறை ஒப்புக்கொள்ளாமலே கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. தூய காற்றுச் சட்டத்தின் வரலாற்றில் அதைவிடப் பெரிய சிவில் அபராதம் இல்லை. சிறிய டீசல் ராமிலும் ஜீப்பிலும் செய்த மோசடிக்காக அவற்றைத் தயாரித்த எஃப்சிஏ நிறுவனம் 2022-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 30 கோடி டாலர் கொடுத்தது. கட்டுரையாளரின் கண்ணுக்கு இவை எதுவும் தட்டுப்படவில்லை.

வடிகட்டியைப் பிடுங்கிப் போட்டால் வண்டி பிழைத்துவிடும் என்று ‘டிலீட்’ செய்வதற்கும் அவர் மறைமுகமாக ஆசி வழங்குகிறார். அப்படிப் பிடுங்கப்பட்ட பிக்அப்கள் 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் என்றும், அவை கக்கும் கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடு 90 லட்சத்துக்கும் அதிகமான புது டீசல் பிக்அப்களைச் சாலையில் இறக்கியதற்குச் சமம் என்றும் சுற்றுச்சூழல் முகமை 2020-இல் கணக்கிட்டது. இத்தனை நச்சுக்குப் பின்னும் சிபி4 நொறுங்குகிறது, லிஃப்டர் தேய்கிறது, திருகு சிலிண்டருக்குள் விழுகிறது.

சிபி4 நொறுங்கிய வண்டியை டீலரிடம் இழுத்துக்கொண்டு போனவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், எரிபொருளில் கலப்படம் இருக்கிறது, வாரண்டி செல்லாது என்பதுதான். கட்டுரையாளர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த மறுப்புக் கடிதத்தைக் கட்டுரையாக நீட்டியிருக்கிறார். 2024-இல் ஜெனரல் மோட்டார்ஸ், 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸ் வண்டிகளின் பம்ப் வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமல், 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பணம் கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, இல்லினாய், அயோவா, நியூயார்க், பென்சில்வேனியா, டெக்சஸ் ஆகிய ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். டெக்சஸ் எல்லையைத் தாண்டி ஓக்லஹோமாவில் அதே வண்டியை, அதே பம்போடு, அதே ஆண்டில் வாங்கியவருக்கு அதில் ஒரு டாலரும் இல்லை. அவருடைய பம்ப் நொறுங்கியதற்கு எந்தப் பங்கின் டீசலைக் கட்டுரையாளர் காரணம் காட்டப் போகிறார்?