பாலும் வேண்டாத பிள்ளையும் பல்கலைக்கழகச் சாப்பாடும்

மரக்கறி உண்பவன் என்று ஒருவன் சொன்னால் நம் நாட்டில் எவரும் வியப்பதில்லை. ஆயின், பாலும் தயிரும் நெய்யுங்கூட வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கினால் வீட்டிலே சிறு கலகமே மூண்டுவிடுகிறது. அண்மைக் காலமாக இத்தகைய மாணவர் சிலரை வகுப்பறையிற் காண்கிறேன். வீட்டில் இருக்கும்வரை தாய் எப்படியோ சமாளித்துவிடுகிறாள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்து, விடுதியில் தங்கி, சிற்றுண்டிச்சாலையை நம்பி வாழவேண்டிய நாள் வரும்போதுதான், "அங்கே இவன் எதைச் சாப்பிடுவான், மாஸ்டர்?" என்ற கேள்வி எழுகிறது. இவ்வாரம் அதற்கு விடை கூற எண்ணுகிறேன்.

இக்கொள்கைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'வீகன்' என்பது. 1944-ம் ஆண்டில் இங்கிலாந்திலே டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர் நண்பர் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தபோது, 'வெஜிற்றேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி இப்பெயரை ஆக்கிக்கொண்டனர். தமிழில் 'நனிசைவம்' என்கின்றனர். அழகிய சொல்தான்; எனினும் நமது சைவம் வேறு, இது வேறு. சைவர்க்குப் பால் தூய பொருள். இறைவன் திருமுழுக்குக்கு உரியது. திருக்குறளிற் புலால் மறுத்தல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் புரட்டினாலும் பாலை விலக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. காமத்துப்பாலிலே இனிமைக்குப் பாலையும் தேனையும் உவமை சொன்னவரும் அதே வள்ளுவர்தாம். (தேனையும் இவர்கள் தொடார் என்பதை அறிக.) ஆகவே பாட்டியார் முகஞ்சுளிப்பதில் நியாயம் உண்டு. கறவை நின்ற மாட்டுக்கு நேரும் கதியைக் கண்டு மனம் நொந்து பாலை விட்ட பேரப்பிள்ளையிடமும் நியாயம் உண்டு. அந்த வழக்கை நான் ஈண்டுத் தீர்க்கப் புகவில்லை. பிள்ளை பட்டினி கிடக்கலாகாது என்பதே என் கவலை.

தென்னை வளரும் நாட்டிற் பிறந்தவர்க்கு இவ்வுணவு அத்துணை அரிதன்று. மேல்நாட்டார் பசும்பாலையும் வெண்ணெயையும் கொண்டு முடிக்கும் காரியத்தை நாம் தேங்காய்ப்பாலைக் கொண்டு முடித்துவிடுகிறோம். இடியப்பம், சொதி, பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பலாக்காய்க் கறி, சிங்கள மக்கள் ஆக்கும் 'கிரிபத்' என்னும் பாற்சோறு ஆகியவற்றிற் பசும்பாலுக்கு வேலையே இல்லை. ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினில் 2021 ஒக்டோபரிலே பல்கலைக்கழக மாணவர்க்கான 34 உணவகங்களின் பட்டியலைத் திருத்தி, நூற்றுக்கு 68 பங்கு நனிசைவ உணவு, 28 பங்கு ஏனைய மரக்கறி உணவு, மீனும் இறைச்சியும் இவ்விரண்டு பங்கு என்று வகுத்தனர். அங்கே அதற்கு ஒரு பெருந்திட்டம் வேண்டியிருந்தது. இங்கோ பாதிக்கு மேற்பட்ட கறிகள் ஏற்கெனவே சட்டியில் உள்ளன.

இடர் எங்கே உள்ளதெனில், மாசியில் உள்ளது. மாலைதீவு மாசியை இடித்துத் தூவாவிட்டால் சம்பல் சம்பலாகாது என்பது தென்னிலங்கைச் சமையலின் துணிபு. தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கட்டைச் சம்பல் மூன்றிலும் அது இருக்கக்கூடும். கீரைச் சுண்டலிலும், சிலவேளை பருப்பிலுங்கூட இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மரக்கறிச் சோறு என்றே பெயர் சொல்லி விற்பர். இதில் வஞ்சகம் யாதுமில்லை. மாசியை அவர்கள் மீனாக எண்ணுவதில்லை, சரக்காகவே எண்ணுகின்றனர்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றிற் சேர்ந்தாள். முதல் மாதம் வெறுஞ்சோறும் வாழைப்பழமுமே அவளுக்கு உணவாயின. சிங்களத்திற் கேட்கத் தெரியாமை ஒரு காரணம். பின்னால் வரிசையில் நிற்போர் தன்னைச் செல்லம் கொண்டாடும் பிள்ளை என்று எண்ணுவரோ என்ற நாணம் மறு காரணம். அறைத் தோழியாகிய சிங்களப் பெண் இரண்டு சொற்களைக் கற்பித்தாள். ஒன்று, மாசியைக் குறிக்கும் 'உம்பலகட'. மற்றது 'எலகிரி'. இரண்டாவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெறுமனே 'கிரி' வேண்டாம் என்றால், நம்முடைய 'பால்' போலவே, அது தேங்காய்ப்பாலையும் குறிக்கும். உண்ணத்தக்க பால்கறியையும் சமையற்காரர் எடுத்துப்போய்விடுவார்! பசும்பால் என்று தெளிவாகச் சொல்லவேண்டுமாயின் 'எலகிரி' என்றே சொல்லவேண்டும். அச்சத்தோடு போய்க் கேட்ட அவளுக்கு, மறுநாள் முதல் மாசி இடுமுன் ஒரு கரண்டிச் சம்பலை அந்தச் சமையற்காரர் தனியே எடுத்து வைத்தாராம்.

ஏனையவற்றை அறிவது எளிது. பாண் பெரும்பாலும் குற்றமற்றது. பணிசில் முட்டையோ பாலோ சேரும். றோல்ஸ் உள்ளே உருளைக்கிழங்கேயாயினும் மேற்போர்வையில் முட்டை உண்டு. மாஜரின் பெட்டியிற் பொடியெழுத்தை வாசித்தே வாங்குக. தேநீர் வேண்டின் பிளேன் டீ.

வயிறு நிறைவதும் உடல் நிறைவதும் ஒன்றல்ல. பயறு, கடலை, உழுந்து, சோயா இவற்றில் ஒன்றேனும் நாடோறும் தட்டில் இருத்தல்வேண்டும். சுண்ணச்சத்துக்குக் குரக்கனும் எள்ளும் கீரையும் உள. ஆனால் பி12 என்னும் உயிர்ச்சத்தைப் போதிய அளவில் நம்பிப் பெறத்தக்க மரக்கறி யாதுமில்லை. பால் குடித்து வளர்ந்த பிள்ளையின் ஈரலிலே அதன் சேமிப்பு நெடுங்காலம் இருக்குமாதலின் குறை உடனே தெரியாது. பட்டப்படிப்பு முடியும் வேளையிற்கூட அது தலைகாட்டலாம். சோகையும் கைகால் விறைப்பும் தோன்றும்; நரம்பு கெட்டபின் முழுதும் மீளும் என்ற உறுதியுமில்லை. மாத்திரை மலிவானது, மருத்துவரைக் கேட்டுத் தொடக்கத்திலேயே உண்க. 'நம் முன்னோர் மாத்திரையா விழுங்கினர்?' என்பார்க்கு ஒரு சொல்: நம் முன்னோர் மோர் குடித்தனர்.

தாய்மார்க்கும் ஒன்று கூறவேண்டும். விடுதிக்கு அனுப்பும் பொதியிற் பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை ஆகியவற்றைத் தாராளமாக வைக்கலாம். நெய் மட்டும் சேர்க்காதீர்கள். மோர் மிளகாய் வேண்டாம்; அதன் பெயரிலேயே காரணம் இருக்கிறது. வேப்பம்பூ வடகம் பொரித்து அடைத்துவிட்டால் அறைத் தோழியரும் சேர்ந்து தின்று தீர்ப்பர். ஆகையால் இரண்டு பங்காக அனுப்புக.