இடறல் யாரால் வருகிறது?

"வீட்டு விஷயத்த வீதிக்குக் கொண்டு போவாதீங்க. திருச்சபைக்கு இடறல் வந்துடும். செபம் பண்ணுங்க, ஆண்டவர் பாத்துக்குவார்." சாதியைப் பற்றி வாய் திறக்கிற தலித் கிறித்தவருக்குக் கிடைக்கிற முதல் புத்திமதி இது. பாவம் மறைவாக இருக்கும்வரை சபைக்கு மானம் உண்டு, வெளியே தெரிந்தால்தான் அவமானம் என்பது இதன் பொருள். வேதாகமம் இப்படிச் சொல்கிறதா என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

தாவீது கதையை எடுத்துக்கொள்வோம் (2 சாமுவேல் 11, 12). ஒரு நல்ல ராசா ஆசையில் தவறினான், மனம் வருந்தினான், மன்னிக்கப்பட்டான் என்று மறைக்கல்வி வகுப்பில் முடித்துவிடுவார்கள். கதை அவ்வளவு சுத்தமானது இல்லை. ஆட்களைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு ராசா மாடியில் உலாத்துகிறான். குளிக்கிற பெண்ணைப் பார்க்கிறான். தன் சேவகன் உரியாவின் மனைவி என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே ஆள் அனுப்புகிறான். அவள் கர்ப்பமானதும் உரியாவைக் களத்திலிருந்து வரவழைத்து, வீட்டுக்குப் போய்ப் படு என்கிறான். பிள்ளையை அவன் தலையில் கட்டுகிற தந்திரம் அது. கூட்டாளிகள் வெட்டவெளியில் கிடக்கும்போது வீட்டுக்குப் போக உரியா மறுக்கிறான். அடுத்து ராசா ஒரு கடிதம் எழுதுகிறான்: சண்டை கடுமையாக நடக்கிற இடத்தில் இவனை நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்வாங்குங்கள், இவன் சாகட்டும். அந்தக் கடிதத்தை உரியா கையிலேயே கொடுத்தனுப்புகிறான்.

உரியா புற இனத்தான். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆண்டை கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மடியில் செருகிக்கொண்டு ஓடிய பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்?

இந்தப் பாவத்தைத் தாவீது தானாக ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை பிறக்கிறவரை வாய் திறக்கவில்லை. நாத்தான் அரண்மனைக்கே போய், ஏழையின் ஒத்தை ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து வைத்த பணக்காரன் கதையைச் சொல்லி, அந்த ஆள் நீதான் என்று முகத்துக்கு நேரே சொன்னான். நாத்தானை இடறல்காரன் என்று எந்தப் பிரசங்கியும் சொல்வதில்லை. இறைவாக்கினர் என்கிறார்கள். அதே வேலையைச் சேரியிலிருந்து வந்த ஒருத்தர் செய்தால் மட்டும் சபையைப் பிளக்கிறவராம்!

இடறலைப் பற்றி இயேசு சொன்னதும் (மத்தேயு 18) சிறியவர்களை இடறி விழச் செய்கிறவனைப் பற்றித்தான். அவன் கழுத்தில் திரிகைக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது மேல் என்றார். விழுந்தவன் கத்துவதை இடறல் என்று அவர் சொல்லவில்லை.

மறைந்த பாவம் என்கிறார்களே, யாருக்கு மறைந்தது? 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். எரித்தது யார் என்று அந்தச் சேரிக்குத் தெரியும். பெரிய நிலக்காரர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அனுபவித்தவனுக்கு எந்தப் பாவமும் மறைந்த பாவம் இல்லை. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் பார்க்க மறுத்தால், அது 'மறைந்தது' ஆகிவிடுகிறது.

திருச்சபைக்குள் சாதியும் இப்படித்தான். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடி நம்ம கடற்கரைதான். அங்கிருந்து பரவிய சபைகளில் சாதிக்கொரு இடம் போட்டு உட்கார வைத்தார்கள். 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறித்தவர்கள்தான் கொதித்தெழுந்தார்கள். கவிராயர் வேதநாயக சாஸ்திரியாரே சாதியாசாரத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதியவர். ஆக, ஏறத்தாழ இருநூறு வருஷமாக எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் இது.

கத்தோலிக்கர் பக்கமும் வேறு கதை இல்லை. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்கும் அளவுக்கு ஒதுக்கப்பட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் சுட்டு 2 பேர் செத்தார்கள். கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கில் கல்லறை, திருவிழா, பங்கு நிர்வாகம் எல்லாவற்றிலும் பாகுபாடு என்று தலித்துகள் வழக்குப் போட்டு, 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் கோயிலின் பாதுகாவலி மகதலா மரியா. அவர் விலைமகள் என்று எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. 591இல் ஒரு போப்பின் பிரசங்கம் ஒட்டிய முத்திரை அது. யோவான் 8இலும் விபச்சாரத்தில் பிடித்தோம் என்று பெண்ணை மட்டும் இழுத்து வருகிறார்கள், ஆணைக் காணோம். எளியவர் மேல் இல்லாத பாவத்தைக்கூட ஊரறிய ஏற்றுவார்கள், வலியவர் பாவத்தை மட்டும் மூடுவார்கள்.

இன்னொரு வாதமும் வருகிறது: "இதையெல்லாம் பேசினா இந்துத்துவக்காரனுக்கு ஆயுதம் குடுக்கறோம்." இது பொய்யான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். சபைகள் மேல் தாக்குதல் நடக்கிற காலம். ஆனால் ஆயுதத்தை அவன் கையில் கொடுத்தது நம்ம பேச்சு இல்லை, கல்லறைக்கு நடுவே நிற்கிற சுவர். சுவரை இடித்துவிட்டால் அவனுக்குப் பேச என்ன இருக்கு? 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவரைப் பட்டியலில் இருந்து தள்ளியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. அந்த உரிமையைக் கேட்டு ஆயர்கள் டெல்லியில் ஊர்வலம் போவது நியாயம். ஊர்வலம் போகிற கை சுத்தமாக இருக்கட்டும் என்பதுதான் நாம் கேட்பது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் பாவசங்கீர்த்தனத்தோடு காரியம் முடிவதில்லை, பரிகாரமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுத்தவர்களே அவர்கள்தானே?

தாவீதின் மனஸ்தாபத்தில் எனக்குள்ள குறை இதுதான். ஆண்டவரிடம் அழுதான், உரியாவுக்கு ஒன்றும் திரும்பவில்லை. உரியாவின் மனைவி அரண்மனையிலேயே இருந்தாள், ராசா ராசாவாகவே இருந்தான். சக்கேயு அப்படி இல்லை (லூக்கா 19). எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பிடுங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருவேன் என்றான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்துவிட்டது என்று இயேசு சொல்கிறார். வரிசையைக் கவனிக்க வேண்டும்.

நம்ம தஞ்சை மண்ணிலும் சாட்டையடியும் சாணிப்பாலும் ஆண்டைகள் மனம் திரும்பியதால் நிற்கவில்லை. 1940களில் பி.சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடியோடு சேரிக்குள் வந்து, சனங்களைத் தெருவில் திரட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியதால் நின்றது.

ஆகவே மாணவத் தோழர்களுக்குச் சொல்வது: அடுத்த தவக்காலத்தில் உங்கள் ஊர்க் கோயிலில் கேளுங்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது? பங்குப் பேரவையில் நம்ம ஆட்கள் எத்தனை பேர்? சபைப் பள்ளி, கல்லூரி வேலைகளில் எத்தனை பேர்? பதிலை எழுதி, கோயில் வாசலில் எல்லாரும் படிக்கிற மாதிரி ஒட்டுங்கள். இடறல் என்று யாராவது வந்தால், 2 சாமுவேல் 12ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.