ஏறவில்லையா, ஏற்றத் தெரியவில்லையா?

"எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லையே!" என்று புதிய தொழிலாளியைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார் மேற்பார்வையாளர். முப்பதாண்டு அனுபவமாம்! நாம் கேட்கிறோம்: ஏறவில்லையா, ஏற்றத் தெரியவில்லையா?

1940-ல் அமெரிக்க ஆலைகளை உலுக்கிய கேள்வி இது. போர்த் தளவாடங்கள் குவியவேண்டும், கைதேர்ந்தவர்களோ போதவில்லை. அரசு தொடங்கிய தொழிலகப் பயிற்சித் திட்டம், மேற்பார்வையாளர்களையே மாணவராக்கிற்று. ஐந்து அமர்வுகள், மொத்தம் 10 மணி நேரம். எடுத்த எடுப்பில் ஒரு முடிச்சு! மின்விளக்குக் கம்பியில் இடும் சிறு முடிச்சு. பயிற்றுநர் வாயால் மட்டும் விளக்கினார்; எதிரே நின்ற மேற்பார்வையாளரால் போட முடியவில்லை. பேசாமல் செய்து காட்டினார்; அப்போதும் முடியவில்லை. அனுபவம் எங்கே ஓடி ஒளிந்தது?

பிறகுதான் முறை வந்தது. அச்சம் போக்கி, ஒவ்வொரு படியாகச் சொல்லியும் காட்டியும், காரணம் கூறி, அவரையே செய்யவிட்டு, தவறு திருத்தி, பின்னும் கண்காணித்தல். முதல் உலகப்போரின்போது கப்பல் கட்டுவோரைப் பயிற்றுவித்த சார்லசு ஆலன், 1919-ல் நூலாகவே எழுதிவைத்த நான்கு படிகளின் வழிவந்தது அது. முடிச்சு விழுந்தது!

பத்தே மணி நேரத்தில் பழகத்தக்க கலையைப் "பிறவி வரம்" என்று பிதற்றுவோரை என்னென்பது? "வயது வந்தவனுக்குப் படிப்பு வராது" என்போரும் அவர்களின் உடன்பிறப்புகளே.

இன்றோ, பயிற்சி என்ற பெயரால் இருட்டறை, திரையில் எழுத்துக்கூட்டம், ஒருவர் பேச, ஐம்பதுபேர் கொட்டாவி. கையொப்பம் வாங்கியாயிற்று, தேநீரும் கொடுத்தாயிற்று. கம்பியை அவர்கள் கையில் கொடுத்தது யார்?