தறிக்குழியில் மரத்துப்போகும் கால்

கண் மங்கினால் இழை பார்த்துத் தேய்ந்த கண் என்கிறோம். கால் மரத்தால் குழியில் நாளெல்லாம் கிடந்த கால் என்கிறோம். நம் அங்கத்தினர் பலரிடம் சர்க்கரை நோய் ஒளிந்து வளர இச்சமாதானங்களே இடங்கொடுக்கின்றன என்பது நம் கருத்து. பழியைத் தறியின்மேல் போட்டுவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டுவதில்லை அல்லவா!

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது சிறுநீரகம் அதனை நீரோடு சேர்த்து வெளியேற்றுகிறது. ஆகவே இரவில் பலமுறை எழ நேர்கிறது. இழந்த நீரை ஈடுசெய்யத் தாகம் எடுக்கிறது. நீரிழிவு என்னும் பெயரே இதனை உணர்த்தும். உண்டது உடலில் ஒட்டாமையால் பசி மிகுந்தும் உடல் மெலிகிறது. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு ஐயுற்றனர் அக்காலத்தார். இன்று எறும்புக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்குமேல் சர்க்கரை இருந்து, மறுசோதனையிலும் அவ்வாறே காணப்பட்டால் நோய் உறுதியாகிறது.

காலைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். வெறுங்காலால் தறி மிதிப்பவருக்கும், செருப்பின்றிப் பருத்திக் காட்டில் நடப்பவருக்கும் உணர்ச்சி குன்றிய பாதம் பெருங்கேடு. முள் தைத்தது தெரியாது. புண் எளிதில் ஆறாது. சீழ் வைத்து நாறிய பின்னரே வீட்டார் காண்பர். விரலையோ காலையோ எடுக்கவேண்டிய நிலை இவ்வாறே வருகிறது. இரவில் படுக்குமுன் உள்ளங்காலை விளக்கொளியில் திருப்பிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

நோயுற்றவருக்கு வாந்தி, வயிற்றுவலி, வேகமான பெருமூச்சு, மூச்சில் பழவாடை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் கைமருந்து பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இத்தனை குறிகளைச் சொன்னோம்; ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஒரு குறியும் தோன்றாதவர் மிகப் பலர். இதனாலேயே 30 வயது கடந்தோர் யாவரும் சோதித்துக்கொள்ளவேண்டும் என்கிறோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின்கீழ் ஊழியர்கள் வீடுவீடாக வந்தனர். நெசவாளரோ பாவு ஓட்டவும் நூல் வாங்கவும் வெளியே போயிருப்பர். கூலிப் பட்டுவாடா நாளில் மட்டும் எல்லோரும் சங்கத்துக்கு வருவர். அந்நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைக்க நிர்வாகக் குழுக்கள் தீர்மானம் இயற்றலாம். சோதனை வெறும் வயிற்றில் நடக்கவேண்டுமாதலால், மாலைப் பட்டுவாடாவை அன்று ஒருநாள் காலைக்கு மாற்றிக்கொள்ளச் செயலாளர்கள் இசையவேண்டும்.