திருமலைக்குத் துறைமுகம் எதற்கு?

உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நமது திருமலையில் உள்ளது. ஆனால், இங்குள்ள ஏழைப் பெண்ணொருத்தி முடைந்த பனையோலைப் பெட்டியை இணையத்தில் கண்டு நியூயோர்க்கிலிருந்து ஒருவர் வாங்கினால், அப்பொதி சுமார் 260 கிலோமீட்டர் தாண்டிக் கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தை அடைந்த பின்னரே நாடு கடக்க முடியும்!

800 டொலர் வரையான பொதிகளுக்கிருந்த தீர்வை விலக்கை 2025 ஆகஸ்ட் 29இல் அமெரிக்கா நிறுத்திற்று. புதிய தீர்வை எவ்வளவு, சுங்கப் பத்திரத்தில் எழுதவேண்டியது யாது என அவளுக்குத் தமிழில் எடுத்துரைப்பது எவர் கடமை?

வெளிநாட்டுப் பொதிகளை ஏற்று, சுங்கச் சோதனையை முடித்து அனுப்பும் தபால் நிலையம் திருமலையிலேயே வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று. பெருங்கப்பல்களுக்கு இடமளிக்கும் ஊரில் ஓர் ஓலைப்பெட்டிக்கு வழியில்லையா? ஆள்வோர் பதில் சொல்லட்டும்!