கானாவுக்கு ஒரு மியூசியம்: கட்டினால் ராயபுரத்திலேயே கட்டுங்கள்



நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் மியூசியத்தைப் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, நம்ம கானாவுக்கு மியூசியம் எங்க இருக்கு?" கைகாட்ட என்னிடம் ஒரு கட்டிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மாணவர்களோடு ராயபுரத்துக்கே போனேன்.

ரயில் நிலையத்திலிருந்து தொடங்கினோம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம் அது. அந்தத் தூண்களைப் பாரம்பரியம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து காசிமேடு வரை நடந்தோம். மூட்டை தூக்கியவர்களும் வலை இழுத்தவர்களும் சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டைப் பாரம்பரியம் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? சினிமாவில் ரவுடி வரும்போது மட்டும் கானா தேவைப்படுகிறது.

டீக்கடையில் ஒரு டோலக் பெரியவரைச் சந்தித்தோம். நாற்பது வருடமாக மரண கானாவுக்கு வாசிப்பவர். பாட்டையெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். செத்தவர் பேரைச் சேர்த்து அங்கேயே கட்டுகிற பாட்டு, பொணத்தோடு அதுவும் போய்விடும் என்றார்.

நியூ ஆர்லியன்ஸிலும் ஜாஸ் சாவு ஊர்வலத்தோடு நடந்த இசைதான். கல்லறைக்குப் போகும்போது சோகமாக வாசிப்பார்கள், திரும்பும்போது ஆட்டம் போட வைப்பார்கள். அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள் ஞாயிறுதோறும் கூடி ஆடிப்பாடிய காங்கோ சதுக்கம் அந்த ஊரில்தான் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்கள் சாவைக்கூடத் தாளத்தோடு எதிர்கொண்டார்கள்.

ஆனால் அந்த ஊர் நமக்கு ஒரு எச்சரிக்கையும்கூட. லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்த வீட்டை 1964-இல் அரசுக் கட்டிடங்களுக்காக இடித்தார்கள். ஜாஸ் வளர்ந்த ட்ரெமே பகுதியின் கடைத்தெருவில் 1966-இல் ஓக் மரங்களை வெட்டி, அதன் மேல் நெடுஞ்சாலைப் பாலம் கட்டினார்கள். இசைக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது, இசைத்தவர்களின் தெரு போனது.

நம் ஊரில் இது நடக்காதா? 2000-இல் தொடங்கிய கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம் என்று சென்னையின் உழைக்கும் மக்களை ஊருக்கு வெளியே அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் எண்ணெய்க் கழிவில் மூழ்கியது. பாடுகிறவர்கள் வாழ முடியாத ஊரில் பாட்டுக்கு மட்டும் மியூசியம் எதற்கு?

ஒரு மாணவன் கேட்டான்: "மியூசியத்துல வெச்சா கானா செத்துடாதாக்கா?" நியாயமான கேள்வி. கானா இன்று உயிரோடு இருக்கிறது. 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியது. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய ராயபுரத்துப் பெண் இசைவாணி, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆகவே நாம் கேட்பது சமாதி அல்ல. பெரியவர்கள் சம்பளத்தோடு கற்றுத்தரும் இடம், பிள்ளைகள் வந்து வாசிக்கும் இடம், அந்தத் தெருக்காரர்களே நிர்வகிக்கும் இடம். அதுவும் ராயபுரத்திலேயே.

அரசு கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் பாடுகிற ஒரு பெரியவரிடம் போங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாட்டோடு அவர் பேரையும், அவர் செய்த வேலையையும் எழுதுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுங்கள். அந்த டோலக் பெரியவர் வீட்டுக்கு அடுத்த ஞாயிறு நாங்கள் போகிறோம்.

ஜெய் பீம்.