யானை வரும் வாசல்

மயிலாப்பூரிலும் அடையாறிலுமிருந்து முதுமலைக்குக் கிளம்பும் நம் நண்பர்கள், கூடாரமடிக்க இடம் தேடுகையில் முதலில் விசாரிப்பது வாசலிலேயே யானை வருமா என்றுதான். வருமென்றால் அது யானையின் வழி. நாம்தான் குறுக்கே படுத்திருக்கிறோம்.

மசினகுடியை ஒட்டிய சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் வலசைப் பாதை. அங்கே முளைத்த விடுதிகளுக்கு எதிரான சென்னை உயர்நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது. 2021 ஜனவரியில், அப்பகுதி விடுதியொன்றின் அருகே தீ வீசப்பட்ட ஆண் யானை காயத்தோடு இறந்தது.

விடுதிக்காரர்களைத் திட்டுவது எளிது. அவர்களுடைய வேலிக்குக் கல் நட்டது நாம் கொடுத்த வாடகை. பாதைக்கு வெளியே, ஊருக்குள் தங்கி, தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியேறிப் பார்ப்பதில் என்ன குறை? யானை தென்படாவிட்டால் போகட்டும். நமக்குக் காட்சி தரக் காடு கடமைப்பட்டதல்ல.